சிட்னி 2022: ஏலச் சந்தை இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வீட்டை விற்று இன்னொன்றை வாங்கிய குடும்பம்

மேற்கு சிட்னியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், 2022 பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் தங்கள் வீட்டை விற்று வேறொரு வீட்டை வாங்கிய கதை இது. அவர்களுக்கு வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து கொடுத்த தரகர் நான். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர், தெரு, வங்கி, ஏஜெண்ட் எதுவும் இதில் இல்லை. தொகைகளையும் முழு எண்களாக்கியிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏலங்கள் முடிந்த பிறகு செய்திகளில் கிளியரன்ஸ் ரேட் என்று ஒரு சதவீதம் வரும். ஏலத்துக்கு வந்த வீடுகளில் விற்றுப்போனவை எவ்வளவு என்ற கணக்கு அது. நம்மவர்கள் பலர் அந்த ஒரே எண்ணை வைத்து லட்சக்கணக்கான டாலர் முடிவுகளை எடுப்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன். இந்தக் குடும்பமும் அப்படித்தான் தொடங்கியது.

## பின்னணி

கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார், மனைவி செவிலியர். இரண்டு பிள்ளைகள். 2013ல் டூங்காபியில் மூன்று படுக்கையறை கொண்ட பழைய செங்கல் வீட்டை வாங்கியிருந்தார்கள். 2022 தொடக்கத்தில் கடன் பாக்கி 3 லட்சத்து 60 ஆயிரம் டாலர். கையில் சேமிப்பு 1 லட்சத்து 70 ஆயிரம். கோயம்புத்தூரிலிருந்து கணவரின் அம்மா நிரந்தரமாக வந்து தங்கப்போகிறார். அவருக்குப் படி ஏறும் சிரமம் இல்லாமல் தரைத்தளத்திலேயே ஒரு அறை வேண்டும். அதனால் பக்கத்தில் உள்ள வின்ஸ்டன் ஹில்ஸில் நான்கு படுக்கையறை வீடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

திட்டம் எளிமையானது: முதலில் புது வீட்டை வாங்குவது, பிறகு நிதானமாகப் பழையதை விற்பது. இடைப்பட்ட காலத்துக்குப் பிரிட்ஜிங் லோன், அதாவது பழைய வீடு விற்கும் வரை தாங்கும் தற்காலிகக் கடன். 2021 முழுவதும் இதுதான் சரியான வரிசையாக இருந்தது. அந்த ஆண்டு மார்ச், ஏப்ரல் சமயத்தில் சிட்னியின் முதற்கட்ட விகிதம், அதாவது வார இறுதியிலேயே வரும் முதல் எண், 80ஐத் தாண்டி நின்ற வாரங்கள் உண்டு. விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. வீட்டை விற்றுவிட்டு அடுத்ததைத் தேடியவர்கள், கையில் பணம் இருந்தும் வாங்க முடியாமல் பின்தங்கிப் போனார்கள். அந்த பயம் இவர்களுக்குள்ளும் இருந்தது.

பிப்ரவரி இறுதியில் என்னைப் பார்க்க வந்தபோது அந்த வாரத்து விகிதம் 70ஐ ஒட்டி இருந்தது. கணவர் கைபேசியில் செய்தியைக் காட்டினார்.

"அண்ணா, பத்துக்கு ஏழு வீடு வித்துடுது. நம்ம வீடு மட்டும் நிக்கவா போகுது? வாங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

## அந்த எண் எப்படி உருவாகிறது

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களோடு உட்கார்ந்து பேசியதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இதிலிருந்து வந்தவை.

அந்த விகிதத்தை ஒரு அரசு அலுவலகம் கணக்கிடுவதில்லை. கோர்லாஜிக் (இப்போது கோட்டாலிட்டி), டொமைன், ப்ராப்டிராக் போன்ற தனியார் நிறுவனங்கள் ஏஜெண்டுகளிடமிருந்து முடிவுகளைத் திரட்டித் தனித்தனியாக வெளியிடுகின்றன. அதனால் ஒரே வாரத்துக்கு வெவ்வேறு எண்கள் வரும்.

சனி இரவிலும் ஞாயிறிலும் வருவது முதற்கட்ட எண். அதற்குள் வந்து சேர்ந்த முடிவுகளை மட்டும் வைத்துப் போடுவது. விற்ற ஏஜெண்ட் உடனே சொல்லிவிடுவார், அது அவருக்கு விளம்பரம். விற்காதவர் அவசரப்படமாட்டார். உதாரணமாக 100 வீடுகள் ஏலத்துக்கு வந்து, ஞாயிறுக்குள் 80 வீடுகளின் முடிவு தெரிந்து, அதில் 56 விற்றிருந்தால் விகிதம் 70%. மீதி 20 வீடுகளின் முடிவு வியாழனுக்குள் வந்து, அதில் 7 மட்டும் விற்றிருந்தால் மொத்தம் 63, அதாவது 63%. எந்த வீடும் புதிதாகத் தோற்கவில்லை, ஆனால் எண் 7 புள்ளி இறங்கிவிட்டது. வார நடுவில் வரும் இந்த இறுதி எண்ணைச் செய்திகள் பெரிதாகச் சொல்வதில்லை. நானோ முதற்கட்ட எண்ணை முதற்கட்ட எண்ணோடும், இறுதி எண்ணை இறுதி எண்ணோடும் மட்டுமே ஒப்பிடுவேன். போன வார இறுதி எண்ணையும் இந்த ஞாயிறு எண்ணையும் பக்கத்தில் வைத்தால், இறங்கும் சந்தைகூட ஏறுவதாகத் தெரியும்.

அடுத்தது, "விற்றவை" என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்பது. ஏல நாளில் சுத்தியல் தட்டி விற்றவை மட்டும் அல்ல. ஏலத்துக்கு முன்பே பேசி முடித்தவையும், ஏலத்தில் போகாமல் அதன்பின் சில நாளில் விலை படிந்தவையும் சேரும். பாஸ்டு இன் ஆனவை, அதாவது ரிசர்வ் விலைக்கு (விற்பவர் ஏற்கும் குறைந்தபட்ச விலை) யாரும் கேட்காமல் நின்றுபோனவை, விற்காத கணக்கில் போகும். ஏலத்திலிருந்து வாபஸ் பெற்ற வீடுகளையும் முக்கிய நிறுவனங்கள் விற்காதவையாகவே எண்ணுகின்றன. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவுக்காகப் பொது ஏலங்கள் தடை செய்யப்பட்டபோது விகிதம் சரிந்து விழுந்ததற்கு முக்கியக் காரணம் இந்த வாபஸ்கள்தான். வாங்க ஆளில்லை என்பதால் மட்டும் வந்த வீழ்ச்சி அல்ல அது.

இன்னொன்று, நகரம் முழுவதுக்குமான எண் டூங்காபியின் எண் அல்ல. சிட்னியில் ஏலம் அதிகம் நடப்பது கிழக்கு, உள் மேற்கு, வடக்குக் கரைப் பகுதிகளில். மேற்கே போகப் போக, ஏலம் இல்லாமல் நேரடியாக விலை பேசி விற்பது அதிகம். ஒரு புறநகரில் ஒரு வாரத்தில் 4 ஏலம் நடந்தால், ஒரே வீட்டின் முடிவு விகிதத்தை 25 புள்ளி மாற்றிவிடும். மெல்போர்னில் ஏலப் பழக்கம் ஊர் முழுக்கப் பரவியிருப்பதால் அங்கே இந்த எண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு. பெர்த்தில் ஏலம் மிகக் குறைவு, அங்கே வீடு வாங்குகிறவர் இதைப் பார்க்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: இந்த எண்ணில் விலை இல்லை. விற்பவர்கள் மனதில் வைத்திருக்கும் தொகைக்கும் வாங்குபவர்களால் தர முடிகிற தொகைக்கும் எவ்வளவு தூரம் என்பதைத்தான் இது காட்டுகிறது. விலை ஏறினாலும் விகிதம் ஏறும். விற்பவர்கள் மனம் இறங்கி ரிசர்வைக் குறைத்தாலும் விகிதம் ஏறும். 70க்கு மேல் விற்பவர் கை ஓங்கியிருக்கிறது, 60ஐ ஒட்டி இருந்தால் சமநிலை, 50க்கு அருகில் வந்தால் வாங்குபவர் கை ஓங்கியிருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அளவுகோலாக இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வாரம் எங்கே நிற்கிறது என்பதைவிட, எட்டுப் பத்து வாரமாக எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் பயன்படும்.

## மார்ச், ஏப்ரல்: கவனித்தவை

மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஒரு பக்கத்தில் வியாழக்கிழமை வரும் இறுதி எண். எதிர்ப் பக்கத்தில் டூங்காபி, ஓல்ட் டூங்காபி, பெண்டில் ஹில், கிராவீன் பகுதிகளில் ஏலத்துக்கு வந்த, தங்கள் வீட்டைப் போன்ற வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஏஜெண்ட் சொன்ன விலை வரம்பு, ஏலத்துக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், உண்மையில் கேட்டவர்கள் எத்தனை பேர், என்ன ஆனது என்று எழுதினார். பணிநேரம் இடம் கொடுத்த சனிக்கிழமைகளில் நேரில் போய் நின்றார்.

நியூ சவுத் வேல்ஸில் ஏலம் கேட்பவர்கள் அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்து எண் அட்டை வாங்க வேண்டும். ஆகவே எத்தனை பேர் தீவிரமாக வந்திருக்கிறார்கள் என்பது அங்கே நிற்பவருக்குத் தெரியும். விற்பவர் சார்பாக ஏலம் விடுபவர் ஒரே ஒரு முறைதான் கேட்கலாம், அதையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். (விக்டோரியாவில் அறிவித்துவிட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் கேட்கலாம்.)

ஏப்ரல் இறுதிக்குள் நோட்டில் இருந்தவை இவை. நகரத்தின் இறுதி விகிதம் 70ஐ ஒட்டி இருந்தது 60களின் தொடக்கத்துக்கு வந்திருந்தது. அவர்கள் பகுதியில் எழுதி வைத்த 9 வீடுகளில் 5 விற்றிருந்தன. அந்த 5ல் 3 ஏலத்துக்கு முன்பே போனவை. ஏல நாள் வரை காத்திருந்த 6 வீடுகளில் விற்றது 2தான். பதிவு செய்தவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும் வாய் திறந்தவர்கள் ஒருவர் அல்லது இருவர்.

9ல் 5 என்றால் 56%. செய்தியில் வந்த எண்ணிலிருந்து வெகுதூரம் இல்லை. ஆனால் ஏல நாளை மட்டும் எடுத்தால் 6ல் 2. முன்கூட்டியே விற்பதற்கு இரண்டு காரணம் உண்டு. சூடான சந்தையில், போட்டியைத் தவிர்க்க வாங்குபவர் பெரிய தொகையோடு முந்திக்கொண்டு வருவார். இறங்கும் சந்தையில், ஏல நாளில் யாரும் கேட்காமல் போய்விடுமோ என்று விற்பவர் முந்திக்கொள்வார். கணக்கில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும். இந்த 3 வீடுகளும் அறிவித்த வரம்பின் கீழ் விளிம்பில் போயிருந்தன. அது இரண்டாவது வகை.

9 வீடுகள் புள்ளியியலுக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் பின்கதையும் தெரிந்த 9 வீடுகள் அவை.

## முதல் முடிவு: வரிசையை மாற்றுவது

ஏப்ரல் கடைசி வாரத்தில், முதலில் விற்பது, பிறகு வாங்குவது என்று திட்டத்தைத் திருப்பினார்கள். மூன்று காரணங்கள் பேசினோம்.

விகிதம் இறங்கும்போது விற்பவராக இருப்பது கஷ்டம், வாங்குபவராக இருப்பது வசதி. இவர்கள் இரண்டுமாக இருக்கப்போகிறார்கள். கஷ்டமான வேலையை முன்னாலும் வசதியான வேலையைப் பின்னாலும் வைத்தால் காலம் அவர்கள் பக்கம் இருக்கும். 2021ல் இதே கணக்கு எதிர்த் திசையில் ஓடியது, அதனால்தான் அப்போது வாங்கிவிட்டு விற்றவர்கள் பிழைத்தார்கள்.

இரண்டாவது, பிரிட்ஜிங் லோன். புது வீட்டை 16 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கியிருந்தால், பழைய பாக்கியும் முத்திரைத்தாள் வரியும் சேர்ந்து கொஞ்ச காலத்துக்கு 20 லட்சம் டாலர் கடனைச் சுமக்க வேண்டும். பல வங்கிகள் அதற்கு 6 மாத அவகாசம்தான் தரும். அதற்குள் பழைய வீடு விற்காவிட்டால் வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கடன் வாங்கும் தகுதி. 2021 அக்டோபரில் ஆஸ்திரேலிய நிதி ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதியை இறுக்கியிருந்தது. விண்ணப்பதாரர் உண்மையான வட்டியைவிட 3 புள்ளி கூடுதலாக வந்தாலும் தவணை கட்ட முடியுமா என்று வங்கிகள் சோதிக்க வேண்டும், முன்பு அது 2.5. ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கியான ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால், அந்தச் சோதனைக்குப் பயன்படும் வட்டியும் சேர்ந்து ஏறும், கிடைக்கும் கடன் குறையும். இது இவர்களுக்கு மட்டும் அல்ல, இவர்கள் வீட்டை வாங்க வருபவருக்கும்தான். வங்கி தரும் கடன் முன் அனுமதி பொதுவாக 90 நாளுக்குத்தான். புதுப்பிக்கப் போகும்போது பழைய தொகை கிடைக்காது.

மே 3ம் தேதி ரிசர்வ் வங்கி வட்டியை 0.10லிருந்து 0.35 சதவீதமாக்கியது. பதினொரு ஆண்டுக்கும் மேலாக வராத முதல் ஏற்றம். விற்பனை ஒப்பந்தம் அந்த வாரமே வக்கீலிடம் தயாராகிவிட்டது.

## இரண்டாவது முடிவு: மறுத்த தொகை

ஏஜெண்ட் நான்கு வார விளம்பரத்துக்குப் பிறகு ஜூன் 4, சனிக்கிழமை ஏலம் வைக்கலாம் என்றார். விளம்பரச் செலவு 7 ஆயிரம் டாலர், விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்ப வராது. நேரடியாக விலை போட்டு விற்பதைப் பற்றியும் பேசினோம். ஏலத்தில் வாங்கியவருக்கு ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் அவகாசம் கிடையாது, அன்றே 10% முன்பணம் கட்டிக் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதி கணவருக்குப் பிடித்திருந்தது. ஏலமே போதும் என்றார்.

ரிசர்வ் எவ்வளவு என்பதில்தான் வீட்டுக்குள் விவாதம். 2021 நவம்பரில் அதே தெருவில் ஒரு வீடு 12 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் போயிருந்தது. கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் நோட்டில் கடைசி ஆறு வார விற்பனைகள் 11 லட்சத்து 20க்கும் 11 லட்சத்து 70க்கும் நடுவே இருந்தன.

விளம்பரத்தின் இரண்டாவது வாரத்தில் ஒருவர் 11 லட்சத்து 60 ஆயிரம் தர முன்வந்தார். கடன் அனுமதி கையில் இருந்தது, கட்டடப் பரிசோதனையும் முடித்திருந்தார். மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்.

மறுத்துவிட்டார்கள். அந்த ஞாயிறு வந்த முதற்கட்ட எண் 60க்குச் சற்று மேல். பத்தில் ஆறு வாய்ப்பு இருக்கும்போது ஏன் ஏலத்துக்கு முன்பே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கணவரின் வாதம். நான் என் வேலைக்குள் நின்று, 11 லட்சத்து 60க்கு விற்றால் கடன் எவ்வளவு ஆகும், 11 லட்சத்து 20க்கு விற்றால் எவ்வளவு ஆகும் என்று இரண்டு கணக்கும் போட்டுக் கொடுத்தேன். முடிவு அவர்களுடையது. அது நியாயமான முடிவாகவே அன்று அவர்களுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்த 60 சதவீதம் அவர்கள் வீடு விற்பதற்கான வாய்ப்பு அல்ல. அதில் ஏற்கெனவே முன்கூட்டி விற்ற வீடுகள் அடங்கியிருந்தன. முன்கூட்டி வந்த தொகையை மறுத்த கணத்தில் இவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேறி, ஏல நாள் வரை காத்திருக்கும் கூட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் கணக்கு நோட்டில் 6ல் 2 என்று இருந்தது.

## ஏல நாளும் அடுத்த இரண்டரை வாரமும்

ஜூன் 4 அன்று மூன்று பேர் பதிவு செய்தார்கள். 11 லட்சத்து 60 சொன்னவர் வரவில்லை, அதற்குள் வேறு வீட்டை முடித்திருந்தார். விற்பவர் சார்பான ஒரே ஏலக் கேள்வி 11 லட்சத்தில் வைக்கப்பட்டது. ஒரு இளம் தம்பதி 11 லட்சத்து 20க்குக் கேட்டார்கள். மற்ற இருவரும் கையைத் தூக்கவில்லை. ரிசர்வ் 11 லட்சத்து 80. வீடு பாஸ்டு இன் ஆனது.

பழக்கப்படி, அதிகம் கேட்டவரோடுதான் முதலில் பேச்சு. சமையலறையில் அரை மணி நேரம் நடந்தது. அவர்கள் 11 லட்சத்து 35 வரை வந்தார்கள். இவர்கள் 11 லட்சத்து 60க்குக் கீழே இறங்கவில்லை, மறுத்த தொகையே மனதில் தரைவிலையாக நின்றுவிட்டது.

ஜூன் 7, செவ்வாய்க்கிழமை ரிசர்வ் வங்கி இன்னொரு அரைப் புள்ளி ஏற்றியது. இவ்வளவு பெரிய ஏற்றத்தைப் பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை அந்த இளம் தம்பதி ஏஜெண்டை அழைத்து, வங்கி தங்கள் தொகையைக் குறைத்துவிட்டது, 11 லட்சத்து 10தான் முடியும் என்றார்கள். அதே வியாழன் வந்த நகரத்தின் இறுதி எண்ணில் இவர்கள் வீடு விற்காத வீடுகளில் ஒன்று.

அதன்பின் ஏஜெண்ட் ஏலப் பலகையை எடுத்துவிட்டு விலை எழுதிய பலகை வைத்தார். ஜூன் 22 அன்று வேறொரு குடும்பம் 11 லட்சத்து 30 ஆயிரத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அப்போது பேசியதில் ஒன்று மட்டும் இவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. வழக்கமான 42 நாளுக்குப் பதில் 70 நாள் செட்டில்மெண்ட் (மீதிப் பணம் கொடுத்து வீடு கை மாறும் வரையான அவகாசம்) கேட்டு வாங்கினார்கள், ஆகஸ்ட் 31. மனைவி வற்புறுத்திக் கேட்டது அது. வாங்க வந்தவர்கள் வாடகை ஒப்பந்தம் முடியக் காத்திருந்ததால் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கூடுதல் நான்கு வாரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஜூலையில் தெரிந்தது.

## மூன்றாவது முடிவு: வாங்கும் பக்கம்

ஜூலையில் சிட்னியின் இறுதி விகிதம் 50ஐ ஒட்டி வந்துவிட்டது. ஜூலை 5ம் தேதி வட்டி 1.35 சதவீதம் ஆனது. இப்போது இவர்கள் கையில் விற்ற ஒப்பந்தம் இருக்கிறது, கடன் தொகை சரியாகத் தெரியும், நேரமும் இருக்கிறது.

நோட்டில் புதுப் பக்கம் திறந்தது. இம்முறை எழுதியது வின்ஸ்டன் ஹில்ஸில் பாஸ்டு இன் ஆன வீடுகளை மட்டும். எந்த வீடு எத்தனை நாளில் விலைப் பலகையோடு திரும்பி வந்தது, முதலில் அறிவித்த வரம்புக்கும் அந்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தார்கள். விகிதம் 50 என்றால் பாதி வீடுகள் நிற்கின்றன என்று பொருள். அந்த நிற்கும் பாதிதான் வாங்குபவருக்கு வேண்டிய பட்டியல்.

ஜூலை 16 அன்று ஒரு நான்கு படுக்கையறை வீடு ஏலத்துக்கு வந்தது. வரம்பு 15 லட்சம் முதல் 16 லட்சத்து 50. தரைத்தளத்தில் குளியலறையோடு ஒரு அறை. ஏலத்தில் விற்பவர் சார்பான கேள்வியைத் தவிர வேறு குரல் எழவில்லை. இவர்கள் பதிவு செய்துகொண்டு அமைதியாக நின்றார்கள். ஏஜெண்ட் வந்து இப்போதே பேசலாமா என்றார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் ஏலத்தில் பாஸ்டு இன் ஆன வீட்டை அதே நாளில் வாங்கினால், ஏலத்தில் வாங்கியது போலத்தான், மனம் மாற அவகாசம் இல்லை. மறுநாள் முதல் ஒப்பந்தம் போட்டால் 5 வேலைநாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் விலகினால் விலையில் 0.25% மட்டும் இழப்பு. (விக்டோரியாவில் இப்படிக் காத்திருப்பது உதவாது. விளம்பரம் செய்த ஏலத்துக்கு முன்னும் பின்னும் 3 முழு வேலைநாள் வரை அவகாசம் கிடையாது.) சூடான சந்தையில் ஏஜெண்டுகள் அந்த அவகாசத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி 66டபிள்யூ சான்றிதழ் கேட்பார்கள், கொடுக்காதவருக்கு வீடு கிடைக்காது. அந்த ஜூலையில் அப்படிக் கேட்க யாருக்கும் தெம்பு இல்லை.

"இன்னைக்கு வேண்டாம்ணா, திங்கட்கிழமை பேசுறோம்னு சொல்லிட்டோம்" என்று மனைவி அன்று மாலை என்னிடம் சொன்னார்.

ஜூலை 20 அன்று 14 லட்சத்து 90 ஆயிரத்துக்கு ஒப்பந்தம் ஆனது. அவகாச நாட்களுக்குள் கட்டடப் பரிசோதனையும் கரையான் பரிசோதனையும் செய்தார்கள். பின்பக்கக் கூரை வடிகாலில் பழுது இருந்தது, அதை விற்பவரே சரிசெய்து தந்தார். வங்கியின் இறுதி அனுமதியும் அந்த ஐந்து நாளில் வந்துவிட்டது. 42 நாள் செட்டில்மெண்ட், அதுவும் ஆகஸ்ட் 31. இரண்டு வீடுகளும் ஒரே நாளில் கை மாறின. பிரிட்ஜிங் லோன் தேவைப்படவில்லை, இடையில் வாடகை வீடும் தேவைப்படவில்லை.

## விளைவு

பழைய வீட்டில், மறுத்த தொகையோடு ஒப்பிட்டால் 30 ஆயிரம் டாலர் குறைவு. புது வீட்டில், பிப்ரவரியில் அதே மாதிரி வீடுகளுக்கு இவர்கள் கேட்கத் தயாராக இருந்த 16 லட்சத்து 50ஐவிட 1 லட்சத்து 60 ஆயிரம் குறைவு. வரிசையை மாற்றியது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முத்திரைத்தாள் வரி 65 ஆயிரத்துக்கு மேல். எல்லாம் போகப் புதுக் கடன் 6 லட்சத்து 75 ஆயிரம்.

அதன் பிறகும் வட்டி ஏறிக்கொண்டே போய் 2023 நவம்பரில் 4.35 சதவீதத்தில் நின்றது. மாதத் தவணை ஆயிரம் டாலரை ஒட்டிக் கூடியது. மனைவி இரவுப் பணிகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார். பிப்ரவரித் திட்டப்படி வாங்கியிருந்தால் கடன் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அதிகமாக இருந்திருக்கும், இந்த ஏற்றத்தைத் தாங்குவது கடினமாகியிருக்கும்.

2022 ஆகஸ்ட், செப்டம்பரில் சிட்னியின் விகிதம் மீண்டும் 60ஐ நோக்கி ஏறியது. சந்தை திரும்பிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் விலைகள் 2023 தொடக்கம் வரை இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஏலத்துக்கு வந்த வீடுகள் குறைந்திருந்தன, வந்தவர்கள் ரிசர்வை யதார்த்தமாக வைத்திருந்தார்கள். இந்தக் குடும்பத்தின் உறவினர் ஒருவர் அந்த ஏற்றத்தைப் பார்த்து அவசரமாக வாங்கப் போனபோது, மனைவி தன் நோட்டை எடுத்துக் காட்டிப் பேசி நிதானப்படுத்தினார்.

## மாற்றிச் செய்யக்கூடியவை

இருவரிடமும் பின்னர் இதைக் கேட்டேன். கணவர் சொன்ன முதல் விஷயம் ரிசர்வ். ஏழு மாதம் பழைய விற்பனையை வைக்காமல், கடைசி ஆறு வார விற்பனையை வைத்திருப்பேன் என்றார். இறங்கும் சந்தையில் பழைய விலை என்பது வேறொரு வட்டி விகிதத்தில் கிடைத்த கடனின் விலை.

இரண்டாவது, முன்கூட்டி வந்த தொகை. அதை மதிப்பிட நகரத்தின் விகிதம் சரியான கருவி அல்ல. ஏஜெண்டிடம் கேட்டிருக்க வேண்டியவை: ஒப்பந்த நகலை எத்தனை பேர் வாங்கிப் போனார்கள், இரண்டாவது முறை பார்க்க வந்தவர்கள் யார், யாருக்குக் கடன் அனுமதி இருக்கிறது, அது எப்போது முடிகிறது. அன்று ஒப்பந்த நகல் வாங்கியவர்கள் நான்கு பேர், இரண்டாம் முறை வந்தவர் தொகை சொன்னவர் ஒருவர்தான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஏலமா, நேரடி விற்பனையா என்ற கேள்வியில் இருவருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. பாஸ்டு இன் ஆன வீடு என்ற பெயர் வந்த பிறகு பேரம் கடினமானது, முதலிலேயே விலை போட்டிருக்கலாம் என்கிறார் மனைவி. நான்கு வாரக் கெடு இல்லாவிட்டால் அந்த 11 லட்சத்து 60கூட வந்திருக்காது என்கிறார் கணவர். என் பார்வையில், தங்கள் பகுதியில் ஏல நாளில் உண்மையாகக் கேட்பவர் இருவருக்குக் குறைவு என்று நோட்டு காட்டும்போது ஏலத்தைத் தவிர்ப்பது மேல். ஏலம் நடக்க இரண்டு பேர் வேண்டும்.

ஜூன் 4 மாலை சமையலறையில் நடந்த பேச்சுக்கு முன்பே, எந்தத் தொகைக்குக் கீழே போகமாட்டோம் என்பதை அடுத்த செவ்வாய் வட்டி ஏறக்கூடும் என்ற கணக்கோடு எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அன்று கிடைத்த 11 லட்சத்து 35, கடைசியில் விற்றதைவிட 5 ஆயிரம் அதிகம், அதுவும் இரண்டரை வாரம் முன்னால்.

மாற்றவே கூடாதது என்று மனைவி சொன்னது ஒன்றுதான்: விற்கும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கிய 70 நாள்.